தோல்வியும் தன்னிரக்கமும்

விளையாட்டு என்பது வெற்றியும் தோல்வியும் விளையும் களம். இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடினால் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். அல்லது இருவரும் சமமாக எழுவர். நான்காவது முடிவு ஒன்று இல்லை. இதனை அறியாமல் களம் புகுவார் எவரும் இலர். எனினும் தோல்வி தம்மை வந்தடையும்போது அதனை ஏற்கும் உள்ளம் சிலருக்கே வாய்க்கின்றது. அவர்கள் வருந்துவர், பின் வருத்தம் ஆறிப் பிழையை ஆராய்வர், மீண்டும் களம் புகுவர். வேறு சிலரோ தம்மைத் தாமே எண்ணி இரங்கத் தொடங்குவர். நடுவர் சரியில்லை, நேரம் சரியில்லை, அரங்கு சரியில்லை, தனக்கு மட்டும் எல்லாம் இவ்வாறே நேர்கின்றது என்று புலம்புவர். இவ்வியல்பையே தன்னிரக்கம் என்கின்றோம். பிறர் துன்பம் கண்டு இரங்குவது அருள். தன் தோல்வியைக் கண்டு தானே இரங்கிக்கொண்டிருப்பது மயக்கம்.

இம்மயக்கம் யாரை மிகுதியும் பற்றுகின்றது? புதிதாக ஆடக் கற்பவரைப் பற்றும் என்று நாம் எண்ணலாம். உண்மை அதுவன்று. கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளி மாணவர்க்கென நடைபெறும் சதுரங்கப் போட்டிகளைக் காணும் வாய்ப்பு, தமிழாசிரியனாகிய எனக்குப் பலமுறை கிட்டியது. புதிதாக ஆட வந்த சிறுவன் தோற்றால், காய்களைக் கலைத்துவிட்டு வேர்க்கடலை வாங்க வெளியே ஓடுவான். ஆனால் பட்டியலில் முதலிடம் பெற்று வந்த மாணவன் தோற்றால், முகம் வெளுத்து மூலையில் அமர்வான். பெற்றோர் அவனைச் சூழ்ந்து நிற்பர். மேசை ஆடியது, எதிராளி கால் ஆட்டினான், வெளியே ஒலிபெருக்கி அலறியது என்று காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிவரும். தான் செய்த பிழை மட்டும் அப்பட்டியலில் இடம் பெறாது. உயரத்தில் நிற்பவனுக்கே தன்னிரக்கம் எளிதில் வருகின்றது என்பதை அங்கே கண்டேன்.

இதற்குக் காரணம் உண்டு. சதுரங்க ஆட்டக்காரரின் வலிமையை அளக்க உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தரப்புள்ளி வழங்குகின்றது. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பாடு எலோ என்னும் இயற்பியல் பேராசிரியர் வகுத்த அக்கணக்கை, அக்கூட்டமைப்பு 1970ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 2400 புள்ளியைக் கடந்த ஒருவர், தம்மினும் 400 புள்ளி குறைந்த ஒருவரை வென்றால், அவருக்கு ஒரு புள்ளிகூட முழுமையாகக் கிடைப்பதில்லை. தோற்றாலோ ஒன்பது புள்ளிகளுக்கு மேல் போய்விடும். ஒரே ஒரு தோல்வியை ஈடுசெய்யப் பதினொன்றுக்கு மேற்பட்ட வெற்றிகள் வேண்டும். மலையுச்சியில் நிற்பவனுக்கு ஏற வேண்டிய தொலைவு சிறிது. விழக்கூடிய ஆழம் பெரிது. ஆகவே அவன் அஞ்சுகின்றான். அவ்வச்சமே தோற்றபின் தன்னிரக்கமாக மாறுகின்றது.

ஆயினும் அக்கணக்கையே மற்றொரு முறை நோக்குங்கள். 400 புள்ளி வேறுபாடு உள்ள இருவர் நூறு ஆட்டங்கள் ஆடினால், வலியவர்க்கு 92 புள்ளியும் எளியவர்க்கு 8 புள்ளியும் சேரும் என்று அக்கணக்கு எதிர்பார்க்கின்றது. நூற்றுக்கு நூறும் வலியவர்க்கே என்று அது கூறவில்லை. எளியவர்க்கு உரிய அந்த எட்டையும் அது முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கின்றது. அந்த எட்டில் ஒன்று இன்று வந்தால், விதி தன்னை வஞ்சித்துவிட்டது என்று வலியவர் குமுறுவது பொருந்துமா? அது வஞ்சனையன்று; வரவேண்டிய கணக்கு வந்தது, அவ்வளவே.

தன்னிரக்கம் பணிவைப் போலத் தோற்றம் தரும். தலை கவிழ்ந்திருக்கும், குரல் தாழ்ந்திருக்கும், கண்களில் நீர் நிறைந்திருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது செருக்கு. 'யான் தோற்கத் தக்கவன் அல்லன்' என்பதே அதன் உட்பொருள். வென்றபோது தலை நிமிர்ந்து நின்ற செருக்கே, தோற்றபோது தலை கவிழ்ந்து தன்னிரக்கமாய் நிற்கின்றது.

அதனால் விளையும் கேடு இரண்டு. முதலாவது, அது தோல்வி தரும் கல்வியைத் தடுக்கின்றது. மேசை ஆடியதால் தோற்றேன் என்பவன், அடுத்த முறை நல்ல மேசையைத் தேடுவானே அன்றி, நல்ல ஆட்டத்தைத் தேட மாட்டான். இரண்டாவது கேட்டினைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தோற்றவன் தன் தோல்விக்குப் பிற காரணங்களை அடுக்கும்போது, வென்றவனின் வெற்றியைக் களவாடுகின்றான். எத்தனையோ நாள் பயின்று, அஞ்சி அஞ்சி அமர்ந்து, தன்னினும் வலியவனை ஒரு சிறுவன் வென்றிருப்பான். 'உன் வெற்றி வெற்றியன்று; என் தலைவலியே உன்னை வெல்வித்தது' என்று அவனிடம் கூறுவது எத்துணைக் கொடுமை! தன்னிரக்கம் தன்னை மட்டும் வருத்தும் நோயன்று; பிறர் உரிமையையும் பறிக்கும் குற்றம்.

அவ்வாறாயின், தோற்றவன் வருந்தவே கூடாதா? கல்லாய் நிற்க வேண்டுமா? அவ்வாறு கூறுவது என் கருத்தன்று. துயரம் வேறு, தன்னிரக்கம் வேறு. இவ்வேறுபாட்டைக் கடலூர் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைத் தாக்கியது. பண்ணுருட்டிப் பகுதியில் பல்லாண்டு வளர்ந்த பலாவும் முந்திரியும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. வீழ்ந்த தோப்பின் நடுவே நின்று உழவர் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீரை யார் பழிப்பர்? ஆனால் அவர்கள் அங்கேயே அமர்ந்துவிடவில்லை. சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தினர், கன்று நட்டனர், நீர் வார்த்தனர். துயரம் என்பது ஒரு வழி. அதன் வழியே நடந்து மறுபுறம் சேரலாம். தன்னிரக்கம் என்பது ஒரு குழி. அதனுள் அமர்ந்தவன் அங்கேயே இருப்பான்.

தோல்வியால் எழும் சினத்தையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். தில்லையில் கூத்தப்பெருமானுக்கும் காளிக்கும் ஆடற்போட்டி நிகழ்ந்தது என்று புராண மரபு கூறும். பெருமான் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடினார், காளி அவ்வாறு ஆட நாணி நின்றாள், தோற்றாள், சினம் கொண்டு ஊரின் எல்லையை அடைந்தாள். சிதம்பரத்தின் வட எல்லையில் உள்ள தில்லைக்காளி கோயிலுக்குச் சென்றால் இக்கதையின் முடிவைக் காணலாம். ஒரு சன்னிதியில் சினம் கொண்ட காளி. மற்றொரு சன்னிதியில் சினம் தணிந்து நான்முகத்துடன் அமர்ந்த பிரம சாமுண்டி. தோற்றவளின் சினத்தை அம்மரபு மறைக்கவில்லை, பழிக்கவும் இல்லை, ஆனால் கதையை அச்சினத்தோடு முடிக்கவும் இல்லை. சினம் எழலாம், தணியவும் வேண்டும் என்பதே அவ்விரு திருவுருவங்களும் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

இனி, சதுரங்கத்தில் பெயர் பெற்றோர் சிலர் தோல்வியை எவ்வாறு ஏற்றனர் என்பதைக் காண்போம். இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் என்னும் பட்டத்தை 1961இல் பெற்றவர் மானுவேல் ஆரோன். அடுத்த ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், உலக வாகையர் பட்டத்திற்கான தகுதிச் சுற்று ஒன்று நடைபெற்றது. அதில் ஆடிய 23 பேருள் ஆரோன் கடைசி இடமே பெற்றார். ஆயினும் அங்கே போர்ட்டிஷ், ஊல்மன் என்னும் பெருவீரர் இருவரை வென்றார். கடைசி இடத்தை எண்ணி அவர் ஒடுங்கியிருந்தால் அக்கதை அங்கே முடிந்திருக்கும். அவரோ தொடர்ந்து ஆடி ஒன்பது முறை தேசிய வாகையர் ஆனார். 1972இல் சென்னையில் சோவியத்துப் பண்பாட்டு மையத்தில், மிகயீல் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகத்தைத் தொடங்கி இளைஞர்க்கு ஆட்டம் பயிற்றினார். அக்கழகத்திற்கு வந்து ஆடிய சிறுவருள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த்.

ஆனந்த் நமக்கு அயலார் அல்லர். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால் வரும் மயிலாடுதுறையில், 1969ஆம் ஆண்டு பிறந்தவர். 2010ஆம் ஆண்டில் உலக வாகையர் பட்டத்தைக் காக்க, பல்கேரிய வீரர் தோப்பலோவுடன் அவர் சொந்த நாட்டுத் தலைநகரான சோபியாவிலேயே ஆடவேண்டியிருந்தது. அவ்வேளையில் ஐஸ்லாந்து நாட்டில் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் ஐரோப்பிய வானெங்கும் பரவ, வானூர்திகள் நின்றன. செருமனியில் சிக்கிய ஆனந்த் ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியே பயணம் செய்து சோபியாவை அடைந்தார். ஆட்டத்தை மூன்று நாள் ஒத்திவைக்குமாறு வேண்டினார். ஒரு நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார். காரணம் கூற விரும்புவார்க்கு இதனினும் நல்ல வாய்ப்பு ஏது? எரிமலை, சாம்பல், நெடும்பயணம், மறுக்கப்பட்ட ஓய்வு, எதிரியின் நாடு ஆகிய அனைத்தும் கைவசம் இருந்தன. ஆனந்தோ அடுத்த ஆட்டத்தில் அமர்ந்தார், வென்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தைக் கருப்புக் காய்களுடன் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி மற்றொரு வேறுபாட்டையும் நமக்குக் காட்டுகின்றது. குறை இருந்தால் உரியவரிடம் உரிய காலத்தில் எடுத்துரைப்பது முறையீடு. முறையீடு உரிமை, அதனைத் தன்னிரக்கம் என்று எவரும் இகழ வேண்டா. ஆனந்த் ஆட்டத்திற்கு முன்னரே முறையிட்டார், விடை வந்தது, அதன்பின் ஆடினார். முறையீடு ஆட்டம் செம்மையாக நடைபெறுவதற்காக எழுவது. தன்னிரக்கம் ஆட்டம் முடிந்தபின் தன் பெயரைக் காப்பதற்காக எழுவது. நடுவர் தவறினால் விதிப்படி மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குப்பின் வந்த முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

2013ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில், தம் சொந்த மக்கள் முன்னிலையில், ஆனந்த் நார்வே நாட்டு மாக்னசு கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். பத்து ஆட்டங்களில் மூன்றில் தோல்வி, ஏழில் சமநிலை. ஒரு வெற்றியும் இல்லை. வயதும் நாற்பத்து நான்கை நெருங்கியது. இனி அவர் காலம் முடிந்தது என்று பலர் எழுதினர். அடுத்த வாகையர் தகுதிப் போட்டியில் ஆட அவரே முதலில் தயங்கினார், நண்பர் ஊக்கினர். 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உருசிய நாட்டிற் சென்று அப்போட்டியில் ஆடி, ஒரு தோல்வியும் இன்றி முதலிடம் பெற்றார். நான்கே திங்கள் இடைவெளியில் நிகழ்ந்த மாற்றம் இது. தயக்கம் அவருக்கும் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியோர்க்குத் தளர்ச்சி வருவதில்லை என்பது இல்லை. அவர்கள் தளர்ச்சியில் தங்குவதில்லை.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இந்தியாவின் இரண்டாம் அணியில் ஆடிய சென்னைச் சிறுவர் குகேசுக்கு அப்போது வயது பதினாறு. முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். பத்தாம் சுற்றில் உசுபெக்கிசுத்தான் வீரர் அப்துசத்தோரோவுடன் ஆடியபோது, வெல்லக்கூடிய நிலையிலிருந்து தவறித் தோற்றார். உசுபெக்கிசுத்தான் தங்கம் வென்றது. இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. தலையைக் கைகளில் தாங்கி அவர் அமர்ந்திருந்த காட்சியைப் பலர் கண்டனர். அது துயரம். அத்துயரம் அவரை நிறுத்திவிடவில்லை. 2024ஆம் ஆண்டு புடாபெசுட்டு நகரில் நடந்த அடுத்த ஒலிம்பியாடில் இந்தியா தங்கம் வென்றது. முதற்பலகையில் ஆடிய குகேசும் தனித்தங்கம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூரில் உலக வாகையர் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களுடன் ஆடித் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். டிசம்பர் 12ஆம் நாள் பதினான்காம் ஆட்டத்தில் வென்று, பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார்.

அன்று தோற்ற சீன வீரர் திங் லிரெனையும் நாம் மறத்தலாகாது. 2023இல் பட்டம் வென்றபின் அவர் மனச்சோர்வு நோயால் துன்புற்றதை உலகம் அறியும். மனச்சோர்வு உடல்நோய் போன்றதொரு நோய். அதனைத் தன்னிரக்கம் என்று எள்ளுவது அறியாமை. அத்துன்பம் உடையார்க்கு மருத்துவமும் அன்புமே வேண்டும். அந்நிலையிலும் பதினான்கு ஆட்டங்களும் போராடிய அவர், கடைசி ஆட்டத்தில் ஒரு காய் நகர்த்தலில் தவறிப் பட்டத்தை இழந்தார். அவ்வேளையிலும், தாம் தோற்றது நேர்மையான முடிவே என்று கூறினார். வென்ற குகேசு காய்களை மீண்டும் பலகையில் முறையாக அடுக்கிவைத்தார். பின்னர்ப் பலர் முன்னிலையில் திங் லிரெனை உண்மையான வாகையர் என்று போற்றினார். தோற்றவர் வென்றவரின் வெற்றியைக் குறைக்கவில்லை. வென்றவர் தோற்றவரின் பெருமையைக் குறைக்கவில்லை. விளையாட்டின் முழு அழகும் இதுவே.

பெரியோரும் ஒரு நொடி தடுமாறுவர். 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், நார்வே நாட்டுப் போட்டியில் கார்ல்சன் வெற்றிநிலையிலிருந்து தவறிக் குகேசிடம் தோற்றபோது, மேசையைக் கையால் ஓங்கி அடித்தார், காய்கள் சிதறின. ஆனால் உடனே வருத்தம் தெரிவித்தார். செல்லும்போது இளைஞரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு அப்போட்டியின் முதலிடத்தையும் அவரே பெற்றார். மேசையை அடித்த கையை மட்டும் பார்த்துவிட்டு, தட்டிக்கொடுத்த கையைப் பாராது விடுதல் நேர்மையாகாது. சினம் ஒரு நொடி. அதனைத் திருத்தியது மறுநொடி. அவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு குறையக் குறைய மனிதன் உயர்கின்றான்.

இப்பொழுது உங்களுள் பலர் பலகையின் முன் அமர்வதைக் காட்டிலும் கைப்பேசியின் முன் அமர்வதே மிகுதி. கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் மின்விளையாட்டு 2023இல் சீனத்தின் ஆங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று. 2025இல் நடுவண் அரசு இயற்றிய சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்து, மின்விளையாட்டை வேறாக ஏற்றுக்கொண்டது. ஆகவே அதனை வெறும் பொழுதுபோக்கு என்று நான் தள்ளவில்லை. ஆனால் அங்கே தன்னிரக்கத்திற்கு ஒரு புதிய வாயில் திறந்திருக்கின்றது. அவ்விளையாட்டுகள் பல, குழுவாக ஆடப்படுவன. அறிமுகமற்ற நால்வரோடு சேர்ந்து ஒருவன் ஆடுகின்றான். தோற்றால், 'நான் நன்றாக ஆடினேன்; என் கூட்டாளிகளே கெடுத்தனர்' என்கின்றான். உயர்ந்த நிலையை எட்டியவர் இதனை மிகுதியும் கூறுகின்றனர். எட்டியபின் மேலே செல்ல இயலாது நிற்கும் இடத்தில், தம்மை இழுத்துப் பிடிப்பது பிறரே என்று நம்புவது அவர்க்கு ஆறுதலாகின்றது.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. நூறு ஆட்டங்கள் ஆடினீர்கள். நூறிலும் கூட்டாளிகள் மாறினர், எதிரிகளும் மாறினர். அந்நூறிலும் மாறாதிருந்தவர் யார்? நீங்கள் ஒருவரே. நல்ல கூட்டாளியும் தீய கூட்டாளியும் உங்களுக்கு வாய்த்தது போலவே எதிரணியினர்க்கும் வாய்த்தனர். நாட்பட நாட்பட அவை சமமாகிவிடும். எஞ்சி நிற்பது உங்கள் ஆட்டம் மட்டுமே.

முன்னணியில் நிற்போர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிறுவர் கற்கின்றனர். சிறந்த ஆட்டக்காரரின் காய் நகர்த்தல்களை மட்டும் அவர்கள் கற்பதில்லை. தோற்றபோது அவர் முகம் எவ்வாறு இருந்தது, எதிரியின் கையைக் குலுக்கினாரா, என்ன கூறினார் என்பவற்றையும் கற்கின்றனர். ஒருவர் புலம்பினால், புலம்புவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று சிறுவர் நினைப்பர். ஆரோன் தம் தோல்விக்குப்பின் ஒரு கழகம் கண்டார். அதன் நிழலில் ஒரு தலைமுறை வளர்ந்தது. புலம்பலின் நிழலில் எவரும் வளர்வதில்லை.

திருவள்ளுவர் நூலில் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதனை அடுத்து நிற்பது இடுக்கணழியாமை. இவ்வரிசை எண்ணத்தக்கது. முயலாமல் சோம்பியிருப்பவனுக்கு இடுக்கண் பற்றிய அறிவுரை தேவையில்லை. முயன்றவனுக்கே தோல்வி வரும். ஆதலின் முயற்சியை முதலில் கூறி, முயன்றும் இடர் உற்றவனுக்கு உரியதை அடுத்துக் கூறினார் எனலாம். தோல்வி நம்மிடம் வந்தது என்றால், நாம் முயன்றோம் என்பதற்கு அது ஒரு சான்று.

மாணவர்களே, நீங்கள் தோற்பீர்கள். தேர்விலும் தோற்கக்கூடும், ஆட்டத்திலும் தோற்கக்கூடும், பின்னர்த் தொழிலிலும் தோற்கக்கூடும். தோற்றபோது வருந்துங்கள், தனியே அமர்ந்து அழவும் செய்யுங்கள். துயரம் கடக்க இயலாத சுமையாய்த் தோன்றினால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காது கூறுங்கள். ஆனால் எழுந்து வெளியே வருமுன் மூன்று செயல்களை முடித்துவிடுங்கள். வென்றவரின் கையைப் பற்றி வாழ்த்துங்கள். உங்கள் பிழை எதுவென்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டறியுங்கள். முதலாவது வென்றவர்க்கு நீங்கள் செலுத்தும் கடன். இரண்டாவது உங்களுக்கு நீங்களே கற்பிக்கும் பாடம். மூன்றாவது நாளைய நாளின்மேல் நீங்கள் வைக்கும் நம்பிக்கை. இம்மூன்றையும் செய்தவனுக்குத் தன்மேல் இரங்கிக்கொண்டிருக்க நேரம் இராது.